நடுவில் விட்டது

"விடியக்காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்க. தண்ணி மோந்துட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு" என்று கீரமங்கலத்திலிருந்து வந்த பரிமளாவிடம் திலகவதி சொன்னாள். காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரிடமும் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐஸ்பெட்டிக்குள் அவள் கணவன் சரவணக்குமார் சலவைச் சட்டையோடு கிடந்தான். பெண்கள் அவளை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் காலை நீட்டக்கூட இடமில்லை. வாசலில் நாற்காலி போட்டு மலையாண்டி இருந்தார். கணவனின் அண்ணன். தம்பியின் உடலைப் படியிலிருந்து தூக்கி உள்ளே கிடத்தியதும் அவர்தான் சொன்னார்:

"குடிச்சிட்டு வாசல்ல கெடந்து செத்தான்னு ஊரு பேசக் கூடாது. நீ கதவத் தொறக்கலன்னும் தெரிய வேணாம். ஒனக்கும் அதுதான்த்தா நல்லது."

சொல்லும்போது அவள் கழுத்தில் கன்றியிருந்த இடத்தைப் பார்த்தார். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

இப்போது சுவரோரத்திலிருந்து மகளின் குரல் கேட்டது. செவந்தி அத்தை அவளை மடியில் வைத்து, "அப்பனுக்கு என்ன கண்ணு ஆச்சு?" என்று கேட்டிருந்தாள்.

"ராத்திரி அப்பா குடிச்சிட்டு வந்து அம்மாவ அடிச்சாங்க. அப்புறம் வண்டிய உள்ள ஏத்த வெளிய போனாங்க. அம்மா கதவச் சாத்தித் தாப்பா போட்டுட்டாங்க. அப்பா தட்டிக்கிட்டே இருந்தாங்க. 'திலகா, நெஞ்சு வலிக்குது'ன்னாங்க. அம்மா, 'பொய்யி, தொறந்தா அடிப்பாரு'ன்னு..."

"பிரகதி!" என்று திலகவதி அதட்டினாள்.

எல்லோரும் திரும்பினார்கள். மலையாண்டி எழுந்துவிட்டார்.

திலகவதி மகளை அடுப்படிக்கு இழுத்துப் போனாள். நாலாம் வகுப்பில் அவளுக்கு டீச்சரும் திலகவதிதான்.

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாது பாப்பா."

"நீதானம்மா சொன்ன, கதை எழுதுனா நடுவுல எதையும் முழுங்கக் கூடாதுன்னு. படிக்கிறவுங்க அங்க இருந்திருக்க மாட்டாங்க, நாமதான் காட்டணும்னு."

ஜூன் மாதத்திலிருந்து வகுப்பில் திலகவதி மன்றாடிக்கொண்டிருந்தது அதற்குத்தான். மற்றப் பிள்ளைகள் தடுமாறினாலும் பிரகதீஸ்வரி பிடித்துக்கொண்டாள். பார்த்ததைப் பார்த்தபடி, ஒன்றன்பின் ஒன்றாக.

"இது கதை இல்ல. நெஞ்சு வலிச்சிச்சு, செத்துட்டாங்க. அம்புட்டுத்தான்."

"அப்ப கதவு?"

பின்னாலேயே வந்து அடுப்படி நிலையை அடைத்துக்கொண்டு நின்றிருந்த மலையாண்டி மெதுவாகச் சொன்னார்.

"கதவே இல்லன்னு நெனச்சுக்க கண்ணு."

வெளியே வேன் வந்து நின்றது. கறம்பக்குடிக்காரர்கள். ஒப்பாரி வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. மலையாண்டி ஒதுங்கி வழிவிட்டார். திலகவதி தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள். பெண்கள் மீண்டும் நெருங்கிக்கொண்டார்கள்.

வந்தவர்களில் ஒருத்தி பிரகதீஸ்வரியைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஏஞ்சாமி, அப்பனுக்கு என்னடா ஆச்சு?"

"அப்பாவுக்கு நெஞ்சு வலிச்சிச்சு. செத்துட்டாங்க."

சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலாக முகத்தை நிமிர்த்தி, சரியா என்பதுபோல் அம்மாவைப் பார்த்தாள்.

திலகவதி தலையசைத்தாள்.