ஆர்கன் அடங்கிய பிறகு

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் குன்றத்தூர் மாடி ஸ்பீக்கர் கடையின் ஏ.சி. அறையில் இருந்தவர்கள்: கடை முதலாளி ஜீவானந்தம், போன வருஷம் வரை ஆடி மாதக் கூழுக்குக் கோயிலில் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர். ஒரகடத்துக் கம்பெனி ஒன்றின் எச்.ஆர். மேனேஜர் தமிழ்வாணன், பணம் நிறைய உள்ளவர். அவர் மனைவி ஐஸ்வர்யா, எங்கே போனாலும் முதலில் ஃபோனுக்குப் பிளக் பாயின்டைத் தேடுகிறவள். பில் போடும் எழிலரசி. கடைசியாக, வேலை கேட்டு வந்த இசக்கிபாண்டி. இசக்கிபாண்டியின் கணக்கில் இவர்களில் பாட்டுக் கேட்கத் தெரிந்தவன் ஒரே ஒருவன்தான்.

அவன் கார்த் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் நான்கு வருஷம் நைட் ஷிப்ட் பார்த்தவன். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் கம்பெனி பஸ் வந்து நின்றபோது ஏறாமல் அப்படியே நின்றுவிட்டான். மண்ணூரில் ஆறு பேர் ரூமில் அவனுக்குப் பாதிப் பாய் இருந்தது. பாதி என்றால் அகலத்தில் அல்ல. பகலில் அவன் தூங்குவான், ராத்திரி அதே பாயில், அதே ஷாப்பில் பகல் ஷிப்ட் பார்க்கும் அருள்பாண்டி தூங்குவான். வேலையை விட்டவனுக்கு ராத்திரி அந்த ரூமில் படுக்க இடமே கிடையாது. "திங்கக்கெழமைக்குள்ள எங்கயாவது சேந்துருல. இல்லன்னா பாய வேற ஆளுக்குக் குடுத்துருவோம்" என்று அருள்பாண்டி சொல்லிவிட்டான். காண்டிராக்டர் பழைய இடத்தைத் திரும்பத் தரத் தயாராக இருந்தான். அதே பிரஸ், அதே நைட்.

ஜீவானந்தத்துக்கு வேண்டியதோ வேறு மாதிரி ஆள். விலை உயர்ந்த ஸ்பீக்கர் வாங்க வருகிறவர்கள் சோபாவில் சாய்ந்ததும், எதைக் கேட்க வேண்டும் என்று பக்கத்தில் இருந்து சொல்கிறவன். எழுபதுகளில் இங்கிலாந்துக்காரர்கள் போட்ட பிராக்ரசிவ் ராக் ஆல்பங்கள்தான் இப்போது இந்தக் கூட்டத்தில் மவுசு. ஒரு பாட்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். தாளம் நாலைந்து தடவை மாறும். பாடுகிறவன் வாயைத் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். அந்தப் பழைய டேப்பை எடுத்துத் துடைத்து, ரீமாஸ்டர் என்று பெயர் வைத்து, வாங்கினவனிடமே மறுபடி விற்கிறார்கள். துடைத்ததில் என்ன மாறியது என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் சம்பளத்துக்கு ஆள்.

இசக்கிபாண்டிக்கு அது தெரியும். நைட் ஷிப்ட் முழுக்க அவன் கேட்டது அதைத்தான்.

"சார், இது புச்சு," என்றார் ஜீவானந்தம். "டின் கதீட்ரல் குரூப்பு. அம்பது வருசத்து டேப்ப கழுவி எட்துனு வந்துகீறான். எவ்ளோ கிளீனா கீது பாருங்க."

தமிழ்வாணன் கண்ணை மூடிக்கொண்டார். "பாஸ் டைட்டா இருக்கு."

டைட்டாம். ஜட்டி எடுக்க வந்தவர் மாதிரி. இசக்கிபாண்டி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு இந்த ஆல்பம் மனப்பாடம். முதல் பக்கம் முடியப் போகும்போது, சர்ச்சில் வாசிக்கிற மாதிரி ஆர்கன் மெல்ல அடங்கும். அடங்கிய பிறகு, கிடார் வருவதற்கு முன், டிரையாங்கிள் என்கிற முக்கோணக் கம்பியில் ஒரே ஒரு தட்டு விழும். அவ்வளவு நீளப் பாட்டும் அந்த ஒரு தட்டுக்காகத்தான் என்பது அவன் கட்சி.

ஆர்கன் அடங்கியது. கிடார் வந்துவிட்டது. தட்டு வரவில்லை.

இசக்கிபாண்டிக்குச் சிரிப்பு வந்தது. வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தான்.

"நிப்பாட்டுங்க அண்ணாச்சி. இத எந்தப் பயலோ நாசம் பண்ணி வச்சிருக்கான். ஆர்கன் முடிஞ்சதும் ஒரு டிரையாங்கிள் விழணும். இரைச்சலத் தொடைக்கேன்னு அதையும் சேத்துத் தொடச்சிட்டான். இதப் போயி கண்ண மூடிக் கேக்கீங்களே சார்."

தமிழ்வாணன் கண்ணைத் திறந்தார்.

"அடிச்சிச்சே அண்ணே," என்றாள் எழிலரசி. "டிங்குன்னு."

"நீ பில்லப் பாரும்மா."

"ஆமா, கேட்டுச்சே," என்றாள் ஐஸ்வர்யா, தலையைத் தூக்காமல். "என் ஃபோன்னு நெனச்சு எடுத்துப் பார்த்தேன்."

ஜீவானந்தம் அந்த இடத்தை மறுபடி போட்டார். ஆர்கன் அடங்கியது. எழிலரசி விரலைத் தூக்கினாள். அதே நொடியில் ஐஸ்வர்யாவின் தலை திரும்பியது. தமிழ்வாணன் தலையாட்டினார்.

நான்கு பேரும் சேர்ந்து நாடகம் போடுகிறார்கள். அப்படித்தான் அவன் முதலில் நினைத்தான். தன் பென் டிரைவை நீட்டினான். "இதுல பழசு இருக்கு. இதப் போடுங்க. வித்தியாசம் தெரியும்."

பழசு ஓடியது. இசக்கிபாண்டி ஸ்பீக்கரிடம் போய் மண்டியிட்டு, மெல்லிய சத்தம் வருகிற மேல் சின்ன வட்டத்தில் காதை ஒட்டவைத்தான். ஆர்கன் அடங்கியது. பின்னால் எழிலரசி, "இதோ," என்றாள். அவள் குரல் கேட்டது. அடுத்து வந்த கிடார் கேட்டது. நடுவில் ஒன்றுமில்லை.

போன வாரம்கூட ரூமில் கேட்டானே. கேட்டானா? அந்த இடம் வரும்போது தட்டு விழும் என்று தெரியும். விழுந்தது என்று எடுத்துக்கொண்டான். எத்தனை மாதமாக அப்படி என்று யாருக்குத் தெரியும்?

பிரஸ் ஷாப்பில் காதுக்குள் வைக்க மஞ்சள் பஞ்சு கொடுப்பார்கள். அதன் மேல் பெரிய மூடி மாட்ட வேண்டும். அவன் பஞ்சைப் பையில் போட்டுக்கொண்டு, இயர்போனைச் செருகி, மூடியை மேலே மாட்டிக்கொள்வான். சூப்பர்வைசருக்கு மூடி மட்டும்தான் தெரியும். பிரஸ் அடிக்க அடிக்க, அதற்கு மேலே கேட்கும்படி வால்யூமை ஏற்றுவான். நான்கு வருஷம், முதலாளி காசில் பாட்டுக் கேட்கிறோம் என்று இருந்தான். பஞ்சை வைத்த முட்டாள்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். அருள்பாண்டி இன்றைக்கும் பஞ்சு வைக்கிறான். அவனை இங்கே கொண்டுவந்து நிறுத்தினால் அவனுக்கும் கேட்கும்.

"முன்னாடி எங்க வேல, பிரஸ் ஷாப்பா தம்பி?" தமிழ்வாணன் குரல் ஆபீஸ் குரலாக மாறியிருந்தது. "இயர் ப்ளக் எல்லாம் குடுத்தாங்க இல்ல?"

"குடுத்தாவ. நல்ல மஞ்சக் கலரு."

"அப்ப கம்பெனிய ஒண்ணும் சொல்ல முடியாது."

"ஞாயித்துக்கெழமையும் டூட்டியா சார்?"

ஐஸ்வர்யா சிரித்துவிட்டாள். தமிழ்வாணன் ஜீவானந்தத்தைப் பார்த்தார். ஜீவானந்தம் பென் டிரைவைப் பிடுங்கி அவன் கையில் வைத்தார்.

"தப்பா எட்துக்காத தம்பி. காது டாக்டராண்ட ஒருக்கா காட்டு. நம்ம வேலைக்கு இது ஆவாது."

"ஒங்க வேலையா? கோயில் கொழாய சோபா போட்டு விக்கிறீரு. இவுகளுக்குக் காது எதுக்கு, பர்ஸ் இருந்தாப் போதும்."

"சர்தான், கெளம்பு."

இசக்கிபாண்டி செருப்பை மாட்டிக்கொண்டான். உள்ளே ஜீவானந்தம், "ஃபர்ஸ்ட்லருந்து போட்றன் சார்," என்றார். தமிழ்வாணன் மறுபடி கண்ணை மூடியிருப்பார். எழிலரசி வாசல் வரை வந்து, "ரெண்டாவது வாட்டி நல்லாவே கேட்டுச்சு அண்ணே. அழகா கீது," என்றாள், ஆறுதல் என்று நினைத்துக்கொண்டு.

"அது தெரிஞ்சு ஒனக்கு என்ன கிழியப் போவுது?"

அவள் முகம் மாறியது. இசக்கிபாண்டி படியிலேயே நின்று காண்டிராக்டரின் நம்பரை எடுத்தான். மறுபடி அதே பிரஸ், திங்கட்கிழமை நைட். ரிங் போகும்போது போனை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றினான். எது தேவலை என்று தெரியவில்லை.

அவன் முதுகுக்குப் பின்னால் கனத்த கதவைச் சாத்தி, எழிலரசி உள்ளே தாழைத் தள்ளினாள். அந்தத் தடித்த சத்தம் இரண்டு காதிலும் நன்றாகவே கேட்டது.