ஒரு ‘ம்’ சேர்த்தார்கள்

என் தங்கச்சி சிநேகாவை டிவியில் வாராவாரம் கொன்றார்கள். முதல் வாரம் முழுசாக. அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ‘இதுவரை நடந்தது’ என்று போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக. ‘உண்மைச் சம்பவத்தைத் தழுவியது’ என்று ஆரம்பத்தில் ஒரு வரி வரும். அவர்கள் தழுவிய லட்சணத்தைப் பார்க்க எங்கள் தெருவே எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

டிவி சிநேகா செக்கச்செவேல் என்று இருந்தாள். சிவப்புத் துப்பட்டா பறக்க, கொட்டுகிற மழையில் கடற்கரையில் ஓடினாள். எங்கள் சிநேகா நல்ல கறுப்பு. மறைமலைநகரில் கார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை செய்தாள். செத்துக் கிடந்தபோதும் கம்பெனியின் நீலச் சட்டைதான் போட்டிருந்தாள். அது கத்திரி வெயில் காலம், மருந்துக்குக்கூட மழை கிடையாது. என் அம்மாவாக நடித்தவர் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு குத்துவிளக்கு ஏற்றினார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற என் அம்மா செங்கம்மாளிடம் அதைச் சொன்னால் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

அம்மா ஒரு நாள்கூட டிவி முன்னால் வந்து உட்கார்ந்ததில்லை. அது ஓடும்போது சமையல்கட்டில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதாவது நறுக்குவாள். ஆனால் அது முடியட்டும் என்று எங்களையெல்லாம்விட ஆவலாகக் காத்திருந்தவள் அவள்தான். காரணம் எழில் சொன்ன ஒரு வார்த்தை.

எழில் அந்தத் தொடருக்காக விவரம் சேகரிக்க வந்த பையன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் செங்கல்பட்டில் நான் வேலை செய்கிற மருந்துக் கடைக்கே வந்து, கூட்டம் குறையும்வரை வெயிலில் நின்று, அப்புறம் பேசினான். மரியாதையான பையன். வீட்டுக்கு வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “இது டிவியில வந்துச்சுன்னா கேஸ மறுபடி எடுத்தே ஆகணும்மா, அவங்களால சும்மா இருக்க முடியாது” என்றான். அன்றிலிருந்து அம்மா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிட்டாள், தூங்கினாள்.

கேஸ் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஓவர்டைம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனவள் மறுநாள் காலை மாமல்லபுரத்துக்குத் தெற்கே, ஒரு குப்பத்தை ஒட்டின சவுக்குத் தோப்பில் கிடந்தாள். கழுத்தை நெரித்திருந்தார்கள். அங்கே எதற்குப் போனாள், யாரோடு போனாள் என்று இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. போலீசுக்குக் கிடைத்த ஒரே சாட்சி வச்சலா. அந்தக் குப்பத்தில் கருவாடு போடுகிறவர். அவரும் எதையும் பார்க்கவில்லை. இருட்டுகிற நேரத்தில் தோப்புக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது, அவ்வளவுதான். ‘“வேண்டாம், வேண்டாம்” என்று ஒரு பெண் அலறும் சத்தம் கேட்டதாக’ என்று போலீஸ் எழுதிக்கொண்டார்கள். எங்களுக்கும் அப்படித்தான் வாசித்துக் காட்டினார்கள். வச்சலா வாயால் அதை நான் கேட்டதே இல்லை.

கடைசி வாரம் வந்தது. வீட்டில் கால் வைக்க இடமில்லை. வேண்டா வழக்கம்போல என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

வேண்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. மூன்று பெண்ணுக்கு அப்புறம் பிறந்த நாலாவது பெண். பெண் பிள்ளை போதும் என்று எங்கள் பக்கத்தில் இப்படிப் பேர் வைப்பார்கள். அடுத்தது பையனாகப் பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை. சிநேகாவும் அவளும் ஒரே கம்பெனி, ஒரே பஸ், ஒரே டிபன் டப்பா. அன்றைக்கு மட்டும் வேண்டா காய்ச்சல் என்று லீவு போட்டு வீட்டில் படுத்திருந்தாள். அவளும் அப்படிச் சொன்னாள், அவளுடைய அம்மாவும் அப்படிச் சொன்னார். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. அதற்கப்புறம் கம்பெனியை விட்டுவிட்டாள். தினமும் சாயந்திரம் வந்து அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவாள். பெத்த பெண் நான் ஒருத்தி வீட்டில் இருக்கும்போதே, அம்மா கூப்பிடுவது அவளைத்தான். “வேண்டா…” என்று கடைசி எழுத்தை இழுத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி.

தொடரில் கொலைகாரன் கம்பெனி பஸ் டிரைவர். ஒருதலைக் காதல், தொப்பி, குரூரச் சிரிப்பு, கடைசியில் கடலில் மூழ்கிச் சாவு. நிஜ டிரைவர் ரமேஷ் தொடர் பாதி ஓடும்போதே வீட்டைப் பூட்டிக்கொண்டு மாமியார் ஊருக்குப் போய்விட்டார். அந்த மனுஷன் சிநேகா செத்த அன்றைக்கு ராத்திரி வரைக்கும் கம்பெனி ஷெட்டில் இருந்தவர். அதை யார் கேட்கப் போகிறார்கள்? டிவி டிரைவர் மூழ்கினதும் தெரு மொத்தமும் கை தட்டியது. எனக்கு எழுந்து டிவியைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது.

அப்போது திரை கறுத்தது. ‘உண்மையான சாட்சியின் குரல்’ என்று எழுத்து வந்தது. அலைச் சத்தத்துக்கு நடுவே ஒரு அம்மாள் பேசினார்.

“கருவாட்ட வாரிகினு இருந்தேன். தோப்பாண்ட ஒரு பொண்ணு கொரலு. வேண்டா, வேண்டான்னு கூப்டுகினே இருந்துச்சு. அப்புறம் சத்தத்தக் காணோம்.”

கீழே எழுத்தில் ‘வேண்டாம், வேண்டாம்’ என்று ஓடியது.

சமையல்கட்டிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “அடியே வேண்டா, உன்ன யாரோ வாசல்ல கூப்புடறாங்க பாரு.”

வேண்டா வாசலைப் பார்க்கவில்லை. “டிவிம்மா அது” என்றாள். எழுந்து, தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு அம்மாவின் காலுக்குத் தைலம் தேய்க்கவில்லை.

எங்கள் ஊரில் யார் ‘வேண்டாம்’ என்று சொல்கிறார்கள்? சோறு போதும் என்றாலும் ‘வாணாம்’, அடிக்க வந்தாலும் ‘வாணாம்’. சிநேகா பிறந்ததிலிருந்து அந்த வார்த்தையைப் பரீட்சையில்தான் எழுதியிருப்பாள். குப்பத்திலும் ‘வாணாம்’தான். எங்கள் வாயில் ‘வேண்டா’ என்று வந்தால் அது ஒரு பேர். எழுதின போலீஸ்காரர் நல்ல தமிழில் எழுத வேண்டும் என்று ஒரு ‘ம்’ போட்டிருக்கிறார். அந்த ‘ம்’மை நாங்கள் இத்தனை வருஷம் சுமந்தோம். அது மட்டுமா? வச்சலா ‘கத்துச்சு’ என்று சொல்லவில்லை, ‘கூப்டுகினே இருந்துச்சு’ என்கிறார். வாணாம் என்று யாராவது கூப்பிடுவார்களா?

யூட்யூபில் அந்தக் கடைசிப் பகுதியை எடுத்துக் காதில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ‘ம்’ இல்லை. என் தங்கச்சி வேண்டாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். கூப்பிடு தூரத்தில் அவள் இருந்திருக்கிறாள்.

மறுநாள் எழிலுக்குப் போன் போட்டேன். கடையில் ஒருத்தர் இருமல் மருந்துக்கு நின்றுகொண்டிருந்தார், எனக்குப் படபடப்பு, வார்த்தை ஒழுங்காக வரவில்லை. “கடைசியில அந்தம்மா பேசறாங்களே, அதுல ‘ம்’ இல்ல தம்பி. நீங்க எழுத்துல ‘ம்’ போட்டிருக்கீங்க, குரல்ல ‘ம்’ இல்ல. கவனிச்சீங்களா?”

“சாரி மேடம், நிறைய பேர் கமெண்ட்ல கூட சொன்னாங்க. உடனே பார்க்கச் சொல்றேன்” என்றான். அவன் குரலில் உண்மையான அக்கறை இருந்தது. கர்த்தர் கண் திறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்தேன்.

என் லீவு நாளில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ் ஏறி வச்சலாவைத் தேடிப் போனேன். குப்பத்தில் வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. “சீரியல்ல வந்தாங்களே, அவங்க வூடா?” என்று ஆளாளுக்குக் கை காட்டினார்கள். சிநேகாவின் அக்கா என்றதும் அந்த அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். டீ போட்டுக் கொடுத்தார். நல்ல மனுஷி. அதை இப்போதும் சொல்வேன்.

“அன்னிக்கி இன்னாம்மா கேட்டுச்சு உங்களுக்கு? அத மட்டும் சொல்லுங்க” என்றேன்.

“இன்னாத்த சொல்ல கண்ணு. மழ கொட்டிகினு கீது. அந்தப் புள்ள செவப்புத் துப்பட்டாவோட ஓடியாருது. பின்னாலயே தொப்பி போட்டவன். ‘வேண்டாம், வேண்டாம்’னு கையெடுத்துக் கும்புடுது.”

“நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேனே. இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்.”

“மழயே பெய்யலம்மா அன்னிக்கி. கத்திரி வெயிலு. நீங்க கொரலு மட்டுந்தான் கேட்டீங்க.”

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். துக்கத்தில் எனக்குத்தான் மறந்துவிட்டது என்று நினைத்திருப்பார். “நீ அங்க இல்லியேம்மா” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. பொய் என்றால் சண்டை போட்டிருப்பேன். அவர் கண்ணுக்குள் அந்த மழை பெய்துகொண்டிருந்தது. வாராவாரம் காட்டினார்கள் இல்லையா, உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. அவர் கேட்டது எதுவோ, அது இருந்த இடமே இல்லை.

“உங்க கொரல நீங்களே கேளுங்க” என்று போனை எடுத்து யூட்யூபில் போட்டேன். சத்தத்தை முழுசாக வைத்தேன்.

“…தோப்பாண்ட ஒரு பொண்ணு கொரலு. வேண்டாம், வேண்டாம்னு கூப்டுகினே இருந்துச்சு…”

மறுபடி போட்டேன். வேண்டாம். அலைச் சத்தத்தைக் குறைத்து, குரலைத் துலக்கி, அச்சுப் போல ஒரு ‘ம்’ வைத்திருந்தார்கள். வச்சலா தலையை ஆட்டினார். “அதான் கண்ணு. அதத்தான் நானும் சொல்றேன்.”

வெளியே வந்து எழிலைக் கூப்பிட்டேன். “சரி பண்ணியாச்சு மேடம், பாத்தீங்களா?” என்றான் சந்தோஷமாக. “அந்த அம்மா வேற எடத்துல ‘பணம்’னு சொல்லியிருந்தாங்க, அதுலேர்ந்து ‘ம்’ எடுத்து ஒட்டினோம். இப்ப க்ளியரா இருக்கு.” பழைய பதிவு எங்கே என்று கேட்டேன். தொடர்தான் முடிந்துவிட்டதே என்று, இதை ஒட்டினதும் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்களாம், இடம் போதாதாம். நான் கேட்டதைத்தான் அவன் செய்திருந்தான். மணலிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று அழுதேன்.

திரும்பி வருகிற வழியில் ஸ்டேஷனில் இறங்கி, கேஸைப் பார்க்கிற இன்ஸ்பெக்டரையும் பார்த்தேன். முழுசாகக் கேட்டார், அதைச் சொல்ல வேண்டும். “நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும்மா. அந்தம்மா இப்ப மழைன்றாங்க, தொப்பின்றாங்க. இந்த சாட்சிய வெச்சுகினு நான் எந்தக் கோர்ட்டுக்குப் போறது? ஆபத்துல ஃபிரெண்டு பேர சொல்லிக் கத்தறதும் உண்டுதானே?” அப்புறம், “கேஸ எடுக்கலாம்னுதான் இருந்தேன். டிவியிலதான் முடிச்சிட்டாங்களேன்னு மேல கேக்கறாங்க” என்றார்.

வீட்டுக்கு வந்தபோது வேண்டா அம்மாவின் காலைத் தன் மடியில் வைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கண்ணை மூடியிருந்தாள். அந்த முகத்தில் வேறு எப்போதும் நான் பார்க்காத நிம்மதி. இவளையும் எடுத்துவிட்டால் அம்மாவிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். இரண்டையும் தாங்குகிற தெம்பு அம்மாவுக்குக் கிடையாது. எனக்கும் கிடையாது.

வேண்டா கை கழுவப் பின்பக்கம் வந்தபோது கேட்டுவிட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“வேண்டா, அன்னிக்கி அவ உன்னக் கூப்ட்டாளாடி?”

அவள் குழாயை மூடினாள். திரும்பவில்லை.

“அது ‘வேண்டாம்’க்கா” என்றாள். “மொதல்ல கொஞ்சம் சரியா கேக்கல. இப்ப நல்லா கேக்குது.”

மாற்றுவதற்கு முன்னாலும் கேட்டிருக்கிறாள். மாற்றின பிறகும் கேட்டிருக்கிறாள். என்னைப் போலவே போனைக் காதில் வைத்து, ஒரே ஒரு எழுத்துக்காக. இந்த உலகத்தில் அந்த ‘ம்’ இல்லாததற்கு அர்த்தம் தெரிந்து அதைக் கேட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

என் கை அவள் தோளைப் பிடிக்கப் போனது. அதற்குள் உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள், கடைசி எழுத்தை இழுத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி.

“வேண்டா… வேண்டா…”

“தோ வந்துட்டேம்மா” என்று அவள் ஓடினாள்.