வெட்டாத படம்

செகந்திராபாத்தில் நடந்த பழைய பத்திரிகைப் படக் கண்காட்சியில் ஒரு படத்தின் முன்னால் சௌந்தரராஜனுக்குக் கால் நகரவில்லை. அவர் தலைமையில் நடந்த தொழிற்சாலை வேலைநிறுத்தத்தின்போது அவருடைய நண்பர் ஜகதீசன் அமைச்சரோடு கைகுலுக்கிய படம் அது. "தொழிலாளர்கள் மகிழ்ச்சி" என்று மறுநாள் பேப்பரில் வந்ததும் போராட்டம் பிசுபிசுத்துப் போனது. காட்டிக்கொடுத்தவன் என்று ஜகதீசனோடு சௌந்தரராஜன் அன்றே பேச்சை முறித்துக்கொண்டார். முப்பது வருஷம் ஓடிவிட்டது.

இங்கே மாட்டியிருந்தது வெட்டாத முழுப் படம். பேப்பரில் வராத ஓரத்தில், ஒரு போலீஸ்காரர் ஜகதீசனின் இடது கையை இறுகப் பிடித்து முன்னால் தள்ளிக்கொண்டிருந்தார்.

சௌந்தரராஜன் அதைப் போனில் படமெடுத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து போலாரத்தில் இருந்த ஜகதீசன் வீட்டுக்குப் போனார்.

கதவைத் திறந்த ஜகதீசன், "அடடே, தலைவரே! வழி தெரிஞ்சுதா?" என்றார்.

சௌந்தரராஜன் போனை நீட்டினார். "மன்னிச்சுடுடா ஜகா. போலீஸ் உன்னைப் பிடிச்சுத் தள்ளினது இப்பத்தான் தெரிஞ்சுது."

"அன்னிக்கே உன் வீட்டு வாசல்ல நின்னு சொன்னேனேடா!"

"பேப்பர்ல வந்த போட்டோவைப் பார்த்து ஏமாந்துட்டேன்."

"ஹவ், ஆமாடா, இப்பவும் போட்டோவைப் பார்த்துட்டுத்தானே வந்திருக்கே? நான் சொன்னதை நம்பி ஒருநாளும் வரலையே."

சௌந்தரராஜன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "சரி வா, காபி சாப்பிடு" என்று ஜகதீசன் வழிவிட்டபோதுதான் அவருக்கு இன்னும் அதிகமாக வலித்தது.