நடக்கப் போய் சாப்பிட்டு வந்த கதை

சிஸ்டர் மிலிகா என் இடது கால் கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், சந்தையில் நண்டு வாங்குகிறவளைப் போல. பிறகு காலைக் கீழே விட்டாள்.

"வாத்தியாரே, இந்த விரல் உங்களுக்கு வேணுமா?"

யோசித்துப் பதில் சொல்வது என் பழக்கம். அவளுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

"வேணும்னா நாளையிலேர்ந்து விடியக்காலையில நடங்க. வெறும் வயித்துல. உங்க வீட்டுலேர்ந்து ஆத்துப் பாலம் வரைக்கும் போய்த் திரும்புங்க. சர்க்கரை இறங்கணும். இறங்கலைன்னா கப்பல்ல ஏத்தி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன். அங்க போறவங்க முழுசாத்தான் போறாங்க. திரும்பி வர்றப்பதான் கொஞ்சம் குறையுது."

ஒரு மருந்தாக நடையைச் சொன்னதில் எனக்கு ரகசியமான சந்தோஷம். ஒரு மனிதன் தனியாக, பேசாமல், எதையாவது நினைத்துக்கொண்டு இருப்பதற்கு எங்கள் கடற்கரை ஊரில் இடமே இல்லை. புத்தகத்தை விரித்து உட்கார்ந்தால் "பாவம், தனியா இருக்காரே" என்று யாராவது துணைக்கு வந்துவிடுவார்கள். நடந்தால் யாரும் வர மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். பல வருடம் வேறு தீவுகளில் பாடம் நடத்திவிட்டு வந்தவன். சொந்த ஊரின் சில குணங்கள் எனக்கு மறந்துபோயிருந்தன.

எங்கள் ஊரில் வாசலைக் கடந்து போகிறவரைப் பேசாமல் விடுவது அந்த வீட்டுக்கு இழுக்கு. முதலில் "எங்க போறீங்க?" என்று கேட்க வேண்டும். அடுத்து "வாங்க, டீ குடிங்க!" என்று கூப்பிட வேண்டும். கெட்டிலில் சொட்டுத் தண்ணீர் இல்லாவிட்டாலும் கூப்பிட வேண்டும். போகிறவர் நடையை நிறுத்தாமல் "இப்பத்தான் குடிச்சேன்" என்று சொல்ல வேண்டும். குடித்தாரா என்று யாரும் ஆராய்வதில்லை. இரண்டு பொய்கள் எதிரெதிரே வந்து மரியாதையாக விலகிப் போகும்.

இதில் எனக்கு மட்டும் ஒரு சிக்கல். முந்தின ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பிரசங்கம் என் முறை. அன்றாடம் நாம் சொல்லும் சின்னப் பொய்களைப் பற்றிப் பேசியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. முன் வரிசையில் பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் மனைவியின் அண்ணன் விலிகேசா மட்டும் தூங்கினான்.

முதல் நாள் காலை முதல் வீடு அகனிசியுடையது.

"வாத்தியாரே, எங்க போறீங்க?"

"பாலத்துக்கு."

"பாலத்துல என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இந்நேரத்துல போறீங்க? வாங்க, டீ குடிங்க!"

'இப்பத்தான் குடிச்சேன்' நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் நான் குடிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களில் அகனிசியும் ஒருத்தி. சர்க்கரை நோய் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்று மாலையே ஊர் திரண்டு ஜெபம் பண்ண வந்து, நடுராத்திரி வரை என் வீட்டில் உட்கார்ந்திருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

நான் உண்மையாகவே உள்ளே வந்ததில் அவளுக்குத்தான் அதிர்ச்சி. ஓடிப்போய் அடுப்பைப் பற்றவைத்தாள். எலுமிச்சை இலை போட்ட தேநீர் வந்தது, ஸ்பூன் நிற்கும் அளவுக்குச் சர்க்கரையோடு. நேற்றைய மரவள்ளிக்கிழங்கும் வந்தது. அடுத்த வீட்டில் தொரிகா கூப்பிட்டாள். ஒரு வீட்டில் குடித்துவிட்டு அடுத்த வீட்டில் மறுத்தால் என்ன ஆகும் என்பது குழந்தைக்கும் தெரியும்.

பாலத்தை நான் அன்று பார்க்கவில்லை. மறுநாளும் பார்க்கவில்லை.

சில நாட்களில் இன்னொன்று கவனித்தேன். பழைய கிழங்கு போய் புதுப் பண்டங்கள் வரத் தொடங்கின. நான் வருவதற்கு முன்பே அடுப்புகள் எரிந்தன. மாவைப் புளிக்கவைத்து எண்ணெயில் பொரிக்கும் பானிகேகே உருண்டைகள் சுடச்சுடக் காத்திருந்தன. "இன்னும் ஒண்ணு எடுத்துக்கங்க, வாத்தியாரே" என்று சொல்லும்போது பெண்களின் குரலில் ஒரு நடுக்கம். என் பிரசங்கம் இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறதே என்று உள்ளூர மகிழ்ந்தேன்.

சிஸ்டர் மிலிகா மறுபடி விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தாள். கருவியைப் பார்த்தாள். அதைத் தட்டிவிட்டு இன்னொரு முறை குத்தினாள்.

"நடந்தீங்களா?"

"தினமும்."

"நடந்துமா ஏறும்? வாத்தியாரே, நான் படிச்ச படிப்புல இப்படி ஒண்ணு இல்ல. அடுத்த கப்பல் வர்றதுக்குள்ள இது இறங்கலைன்னா நீங்க அதுல ஏறுறீங்க. துணிமணியை எடுத்து வைக்கச் சொல்லுங்க."

வீடு திரும்பும் வழியில் விரலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அழகான விரல் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் இத்தனை காலம் கூடவே வந்திருக்கிறது.

மறுநாள் காலை அகனிசி தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு மெல்லக் கேட்டாள்.

"எத்தனை நாளா சமைக்கிறதில்ல?"

"யாரு?"

"உங்க வீட்டுக்காரி மெரேசெய்னிதான். உங்களுக்கு இனிமே சோறு கிடையாதுன்னு அடுப்பை மூடிட்டாளாமே. அதான் நீங்க விடிஞ்சதும் வீடு வீடா வர்றீங்களாம். விலிகேசா ராத்திரி யங்கோனா வேர்ச்சாறு குடிக்கிற இடத்துல சொன்னானாம். சொல்றப்ப அழுதானாம், பாவம்."

எங்களில் மச்சானை மச்சான் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம். கேலிக்கு ஆளானவன் கோபப்படக் கூடாது. விலிகேசா என் மீன்பிடிப் படகை ஒருமுறை தென்னை மரத்தில் ஏற்றிக் கட்டியிருக்கிறான். நான் கோபப்படவில்லை. ஆனால் இந்த முறை கதை என்னைத் தாண்டி என் மனைவியின் அடுப்பில் கை வைத்துவிட்டது. மெரேசெய்னியின் சமையலை ருசி பார்க்கப் பக்கத்துத் தீவிலிருந்தெல்லாம் போதகர்கள் காரணம் கண்டுபிடித்து வருவார்கள்.

அவளிடம் சொன்னேன். அவள் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

அன்று மதியம் விலிகேசா வழக்கம்போல எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். கூடப்பிறந்த அண்ணனும் தங்கையும் வளர்ந்த பிறகு நேருக்கு நேர் பேசிக்கொள்வது எங்களில் கிடையாது. அது மரியாதை. ஆகவே மெரேசெய்னி அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வாசலில் படுத்திருந்த நாயைக் கூப்பிட்டாள்.

"ஏய் நாயே, கேட்டியா சேதி? இந்த வீட்டுல அடுப்பு எரியலையாம். நீ தின்னு கொழுத்திருக்கியே, அது என்ன காத்தைக் குடிச்சா? தேங்காய்ப்பால்ல மீனு போட்டு தினமும் இங்க வந்து மூணு தட்டு தின்னுட்டு, ராத்திரி போய் 'என் மச்சான் பட்டினி'ன்னு அழுவுற நாய் ஊருல ஒண்ணு இருக்காம். உனக்குத் தெரியுமா அது எந்த நாயின்னு?"

நாய் வாலை ஆட்டியது. விலிகேசா கூரையைப் பார்த்தான்.

"மச்சான்," என்றான் என்னிடம், "உங்க நாய் ரொம்பப் பொறுமைசாலி."

"அந்த நாயோட மச்சானுக்குக் கால் விரல் போகப்போகுது, நாயே. ஊர் ஊட்டின பானிகேகேயால போகப்போகுது."

விலிகேசாவின் கை தட்டில் நின்றது. அவனுக்கு என் நோய் தெரியாது. மெரேசெய்னி என் பக்கம் திரும்பினாள்.

"அங்க உட்கார்ந்திருக்கறவர்கிட்ட நீங்க சொல்லுங்க. நாளையிலேர்ந்து உங்ககூட நடக்கணும். கூப்பிடுற ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்தான் பதில் சொல்லணும். உங்களுக்குப் பொய் வராது. அவருக்கு அதைத் தவிர எதுவும் வராது."

தங்கை கேட்டதை அண்ணன் மறுக்க முடியாது. மச்சான் என்னைப் பார்த்த பார்வையில், கப்பலில் ஏற வேண்டியவன் அவன்தான் என்று தோன்றியது.

மறுநாள் காலை கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். முதல் வீட்டில் குரல் எழும்பியதும் அவனுக்கு உயிர் வந்துவிட்டது.

"டீயா? ஐயோ அகனிசி, தொரிகா வீட்டுல ராத்திரி தின்னதே இன்னும் செரிக்கல. மூச்சு விட முடியல. வாத்தியாரைப் பாரு, பேச்சே வரல!"

எனக்குப் பேச்சு எப்போதும் வராது. அதனால் அவள் நம்பினாள்.

"தொரிகா, கூப்பிடாதே! அகனிசி நண்டு அவிச்சிருந்தா. இவ்வளவு பெருசு!"

நான் பொய் சொல்லவில்லை. பொய்யின் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டா என்று யோசிக்கப் போதுமான நேரமும் அமைதியும் வாழ்க்கையில் முதன்முறையாகக் கிடைத்திருந்தது. பாலத்தைப் பார்த்தேன். ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. நாங்கள் நின்ற நேரம் முழுவதும் அது அசையவில்லை. அதை எனக்கு உடனே பிடித்துவிட்டது.

விலிகேசாவின் பொய்கள் நாளுக்கு நாள் கொழுத்தன. நண்டு ஆமையாயிற்று. ஆமை, ஊர்த் தலைவர் வீட்டு அடுப்பில் சுட்ட பன்றிக்குட்டி ஆயிற்று.

"பன்னி வேணாம், மச்சான்," என்றேன்.

"நீ பேசாத. பேசினா நடை கெட்டுடும்."

அந்த வாரம் கடல் வற்றிய பொழுதில் பெண்கள் வலையோடு இறங்கினார்கள். இடுப்பளவு தண்ணீரில் வலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பேசுவதைத் தவிர வேறு வேலை இல்லை. தொரிகா அகனிசியிடம் கேட்டாள்: "அந்த நண்டுல எனக்கு ஒரு கால்கூட அனுப்பலையே?" நண்டே இல்லை என்று தெரிந்தது. ஆமையும் இல்லை. தலைவரின் மனைவி தன் பன்றிக்குட்டிகளை எண்ணிப் பார்க்க வீட்டுக்கு ஓடினாளாம்.

மறுநாள் காலை தொரிகா வீட்டு முன்னால் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பானிகேகே ஒரு மலை. யாரும் 'எங்க போறீங்க' என்று கேட்கவில்லை.

"உட்காருங்க," என்றாள் அகனிசி. "இன்னிக்கு எந்த வீட்டுல சாப்பிட்டீங்க? சொல்லுங்க. எல்லா வீடும் இங்கதான் இருக்கு."

விலிகேசா வாயைத் திறந்தான். மூடினான். அப்படி ஒரு காட்சியை ஊர் அதுவரை பார்த்ததில்லை.

தலைவரின் மனைவி தட்டை என் முன்னால் தள்ளினாள். "எங்க கையால சாப்பிட உங்களுக்குப் பிடிக்கலையா, வாத்தியாரே? அதைச் சொல்றதுக்கா இந்தப் பொய்க்காரனைக் கூட்டிட்டு வந்தீங்க?"

உருண்டையிலிருந்து ஆவி எழுந்தது. கையை நீட்டினால் எல்லாம் சரியாகிவிடும். விரல் மட்டும் கப்பலேறும்.

"வேண்டாம்," என்றேன்.

அந்தச் சொல்லை எங்கள் ஊரில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு குழந்தை அழத் தொடங்கியது.

"எனக்குச் சர்க்கரை இருக்கு. நீங்க கொடுத்ததை எல்லாம் தின்னு ஏறிப்போச்சு. இன்னும் தின்னா விரலை எடுத்துடுவாங்க. மெரேசெய்னி நல்லாத்தான் சமைக்கிறா. நான் நடக்கத்தான் வந்தேன். வேற ஒண்ணும் இல்ல."

அதன் பிறகு வந்தது நீண்ட மௌனம். மௌனம் எனக்குப் பிடித்தமானது. இது பிடிக்கவில்லை.

"அடப் பாவி மனுஷா!" என்றாள் அகனிசி. "இதை முதல் நாளே சொல்றதுக்கென்ன? உங்களுக்காக இருட்டுல எழுந்து மாவு பிசைஞ்சு என் தோளே கழண்டுபோச்சு!"

"எங்க வீட்டுல மாவு மூட்டை காலி," என்றாள் தொரிகா. "பசங்களுக்கு இல்ல. வாத்தியார் பட்டினின்னு எடுத்து வச்சேன்."

"என் புருஷன் கேக்குறாரு, 'வாத்தியாருக்கு மட்டும் சூடா, எனக்கு மட்டும் பழசா'ன்னு!"

"அப்போ நாளைக்கு எழுந்திருக்க வேண்டாமா?"

"வேண்டாம்," என்றேன். இரண்டாவது முறை சொல்வது எளிதாக இருந்தது.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!" என்று அகனிசி பாயில் அப்படியே சாய்ந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். ஜெபம் பண்ண எந்த மாலை வரலாம் என்று பேச்சு எழுந்தது. அதற்கும் 'வேண்டாம்' சொல்லலாமா என்று பார்த்தேன். ஒரே நாளில் அவ்வளவு பேராசை கூடாது என்று விட்டுவிட்டேன். பானிகேகே மலையை அவர்கள் விலிகேசாவின் முன்னால் நகர்த்தினார்கள். முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்றார்கள். அவன் முடித்தான்.

கப்பல் வருவதற்கு முந்தின நாள் சிஸ்டர் மிலிகா ரத்தம் எடுத்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியில் துணிமணி மடித்து வைத்திருந்தது. மேலே ஒரு புத்தகமும் வைத்திருந்தேன்.

"இறங்கியிருக்கு," என்றாள். "ரொம்ப இல்ல. ஆனா இறங்குது. கப்பல் உங்களை விட்டுட்டுப் போகட்டும். என்ன பண்ணீங்க?"

"வேண்டாம்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல."

மறுநாள் விடிந்ததும் வெளியே வந்தேன். விலிகேசா வேலியில் சாய்ந்து நின்றான்.

"இனிமே யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லையே, மச்சான். உன் தங்கச்சி சொன்ன வேலை முடிஞ்சுது. நீ எதுக்கு வர்றே?"

"நீ பேசாம தனியாப் போனா, பாக்கறவங்க ஏதோ சாவு ஊர்வலம்னு நினைச்சுப்பாங்க. கூட ஒருத்தன் வேணுமில்ல?" என்றான். ஏப்பம் விட்டான். "அதோட அந்தப் பானிகேகே இன்னும் இறங்கல."

அகனிசியின் வாசல் வந்தது. அவள் படுக்கையிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"யாரு அது? எங்க போறீங்க?"

"நடக்க!" என்றேன்.

"நடங்க, நடங்க!" என்றாள். புரண்டு படுத்த சத்தம் கேட்டது.

விலிகேசா பேசிக்கொண்டே வந்தான். நான் கேட்டுக்கொண்டே நடந்தேன், பாதியை.