வாரேன் என்றவளுக்குத் திறந்த வாசல்

கிட்ட வாங்க மக்கா, மழையால் சுவர் கட்டின ஊரின் கதை சொல்லுதேன்.

சங்கரன்கோவில் வள்ளித்தாய், கைப்பிள்ளையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு, மேகமேறி அங்கே விருந்துக்குப் போனாள். தூறல் ஓயாத ஊர். வீட்டுக்கு வீடு சாரல்தான் கதவு. நகர்வாசல் மட்டும் பொழுது சாய்ந்து அடைத்தால் மறுவருஷம்தான் திறக்கும். பிள்ளை பாலுக்கு அழுமே என்று பொழுது சாயுமுன்னே ஓடிவந்தவள், வாசல் காவலரிடம், "வாரேன் அண்ணாச்சி" என்றாள்.

"வாரவளுக்கு எதுக்குத் தாயி வெளிவாசல்? 'போறேன்'னு சொன்னாத்தான் திறக்கும். ஊர்ச்சட்டம்."

"அப்படிச் சொன்னா ஒரேயடியாப் போறதுல்லா? விருந்து சாப்பிட்ட வாயால எப்படிச் சொல்ல?"

திரும்பி வருவதாக இதுவரை யாரும் சொன்னதில்லை. காவலர் கூப்பிட, ஊரே கூடி, 'வாரேன்' என்றாலும் வாசல் திறக்கட்டும் என்று கைதூக்கிச் சட்டத்தை மாற்றியது. பால் கட்டிய மார்போடு வள்ளித்தாய் வாசல் தாண்டி ஓடினாள்.

உங்க வீட்டுப் படி இறங்குறவங்க எல்லாரும் வாரேன்னு சொல்லி, சொன்னபடி வந்து சேரட்டும் மக்கா.