பிழையென்று தள்ளிய எண்கள்

ஸ்டெபனி பகலில் மார்க்கம் நகரிலுள்ள ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்தாள். மிச்ச நேரமெல்லாம் லத்தீன் ஆராய்ச்சி. ஏழு வருடம் அப்படியே ஓடி, கலாநிதிப் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு நாளும் வந்துவிட்டது.

"பயமா இருக்கோ?" என்று காரில் கேட்டான் கணவன் றிச்சர்ட்.

"இல்லை. பசிக்குது."

ஆயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன், வட இங்கிலாந்து மடமொன்றில் வாழ்ந்த துறவி ஒருவர் கடல் நீர் ஏறி இறங்கும் பெருக்கைப் பற்றி எழுதிய நூலே அவளுடைய ஆய்வுப் பொருள். பெருக்கு சந்திரனைப் பின்தொடர்கிறது, ஆனால் ஒவ்வொரு கரைக்கும் நேரம் வேறு என்று அவர் எழுதியிருந்தார். பிற்காலத்தில் வேறு வேறு மடங்களில் அதைப் படியெடுத்த ஆறு பேர், பெருக்கு நேரம் காட்டும் எண்களை மாற்றியிருந்தார்கள். தூக்கக் கலக்கத்தில் வந்த பிழைகள் என்று அறிஞர்கள் அவற்றை ஒதுக்கியிருந்தார்கள். அந்த நூலைப் பதிப்பித்து, அடிக்குறிப்புகளில் அப்படி முதலில் எழுதியவர் பேராசிரியர் கரோலின். இன்று தேர்வாளராக எதிரே இருந்தவரும் அவர்தான்.

"அவை பிழைகள் இல்லை என்கிறீர்கள்," என்றார் கரோலின். "ஆதாரம்?"

"படியெடுத்தவர்கள் அவரை நம்பினார்கள். ஒவ்வொரு கரைக்கும் நேரம் வேறு என்றால், தங்கள் கரையின் நேரம் என்ன என்று போய்ப் பார்த்தார்கள். பார்த்ததை எழுதினார்கள்."

"அழகான ஊகம்."

"ஊகம் இல்லை, பேராசிரியர். நான்காவது பிரதி எந்த ஊரில் எழுதப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். அந்தத் துறைமுகத்தின் இன்றைய பெருக்கு அட்டவணையைத் திறந்து பாருங்கள்."

கரோலின் மடிக்கணினியைத் திறந்தார். காகிதத்தில் ஏதோ எழுதினார், வெட்டினார், மறுபடி எழுதினார். ஸ்டெபனி தண்ணீர் குடித்தாள்.

"பிரதிக்கும் அட்டவணைக்கும் கால் மணி நேரத்துக்கும் குறைந்த வித்தியாசம்," என்றார் கரோலின் கடைசியில். "இருபது வருடமாக இதைப் பிழை என்று மாணவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனால் ஆறாவது பிரதி உங்களுக்கு உதவாது. அந்த மடம் கடலிலிருந்து மூன்று நாள் நடை. அங்கே யார் போய்ப் பார்த்தது?"

ஸ்டெபனி திகைத்தாள். அந்த மடம் கரையோரத்தில் இருப்பதாகப் பழைய பட்டியல் ஒன்று சொன்னதைச் சரிபார்க்காமல் எடுத்திருந்தாள். சமாளித்துப் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"நீங்கள் சொல்வது சரி. அது உண்மையிலேயே பிழை. எடுத்துவிடுகிறேன். மற்ற ஐந்தும் நிற்கும்."

"நிற்கும்," என்றார் கரோலின்.

தேர்வுக் குழுவினர் அவளை அரை மணி நேரம் வெளியே இருத்திவிட்டுக் கூப்பிட்டார்கள். ஆறாவது பிரதியை நீக்கிவிட்டால் பட்டம் உறுதி. கரோலின் எழுந்து வந்து கை கொடுத்து, தன் பதிப்பின் அடிக்குறிப்புகளை இருவருமாகத் திருத்தி எழுதலாமா என்று கேட்டார். ஸ்டெபனி யோசிக்கவே இல்லை, சம்மதமாக "ஓம்" என்றாள். அவருக்குத் தமிழ் தெரியாதென்பது பிறகுதான் உறைத்தது. சிரித்தபடி தலையையும் ஆட்டினாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், அஜின்கோர்ட்டில் கொத்துரொட்டிக் கடை வாசலில் கார் நின்றபோது றிச்சர்ட் கேட்டான்: "அப்ப அந்தச் சாமியார் உண்மையிலேயே பெரிய ஆள்தானோ?"

"பெரிய ஆள்தான். ஆனா அவர் எழுதின எண்ணுகளைச் சும்மா பாத்து எழுதாம, கடலைப் போய்ப் பாத்தாங்கள் பார், எனக்கு அவங்களைத்தான் பிடிக்கும்."

"சரி சரி, இறங்கு. ஆட்டிறைச்சியோ, கோழியோ?"

"ரெண்டும்," என்றாள் ஸ்டெபனி.