நான்கு எலிகளின் கல்லீரல்

மருந்து கொடுத்த இருபது எலிகளில் நான்கிற்குக் கல்லீரல் கெட்டிருந்தது. மற்ற பதினாறும் தின்று கொழுத்துத் திரிந்தன. மருந்தின் நச்சுத்தன்மையைச் சோதிப்பவளுக்கு அந்த நான்கு போதும், சோறு இறங்காமல் போக.

அவள் அண்ணனுக்குத் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்துகொண்டிருந்தன. கைகால்கள் போய், இப்போது மூச்சில் வந்து நின்றது. அந்த நோய்க்குத்தான் இந்த மருந்து. முதன்முதலாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும்போது அவனுக்கும் ஓர் இடம் கிடைக்கும் என்று வீடே நம்பிக்கொண்டிருந்தது.

"நாலும் ஒரே கூண்டு. தண்ணில ஏதாவது கோளாறா இருக்கும். மருந்து பாதுகாப்பானதுன்னு கையெழுத்துப் போட்டுடு," என்றார் ஆய்வுக்கூடத் தலைவர்.

அவளுக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. கைதான் வரவில்லை. "மனுஷக் கல்லீரல் செல்லுல போட்டுப் பாத்துடலாம் சார். மூணு வாரம் கொடுங்க."

அண்ணனிடம் சொன்னபோது அவன் சிரிக்க முயன்றான். "எனக்கு ஈரல் இருந்தா என்ன, போனா என்ன? உன் சந்தேகத்த என்மேல தீத்துக்கோயேன்."

அண்ணி அவள் கையைப் பற்றிக்கொண்டாள். "உன் கால்ல விழறேன். போட்டுடு."

அவள் கையை விடுவித்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பினாள்.

தானமாகக் கிடைத்த மூன்று பேரின் செல்கள், மூன்று தட்டுகளில். தினமும் பழைய மருந்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றினாள். முதல் வாரம் எல்லாம் உயிரோடிருந்தன. குளியலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில். பன்னிரண்டாம் நாள் ஒரு தட்டில் செல்கள் சாகத் தொடங்கின. பதினைந்தாம் நாள் இன்னொன்றில். கருவியோடு மல்லுக்கட்டுவதுபோலத் திரும்பத் திரும்ப அளந்தாள். நோயைக் கட்டுப்படுத்த எவ்வளவு மருந்து வேண்டுமோ, அதே அளவுதான் செல்களைக் கொன்றது.

இரண்டு தட்டுகளையும் கழுவி ஊற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்? தொட்டிக் குழாயைக்கூடத் திறந்துவிட்டாள். பிறகு மூடினாள். எண்களை அப்படியே அறிக்கையில் ஏற்றினாள். மருந்தைக் கைவிட்டார்கள்.

"மூணுல ரெண்டு பேருக்கு ஆகல, அண்ணா."

"நான் அந்த மூணாவது ஆளா இருந்திருந்தா?"

அவள் அவன் போர்வையை இழுத்துவிட்டாள். "அண்ணிகிட்ட நீயே சொல்லிடு. எனக்கு அவ்வளவு பேச மூச்சில்ல," என்றான்.

அடுத்த அறையில் அண்ணி அவனுடைய சட்டைகளை மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். காலடி கேட்டு நிமிர்ந்தவளின் முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"என்னிக்கு அட்மிட் ஆகணுமாம்?"